உள்ளூர்க் குறும்படங்கள், ஒரு மாலை, 150 பேர்: திரையிடலுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

நெல்லைத்திரை (இழையைத் தொடங்கியவர்)

தை மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மாலை முழுக்க நம் மாவட்டத்துக்காரர்கள் எடுத்த குறும்படங்களை மட்டும் போட்டுக் காட்டலாம் என்று திட்டம். 8 முதல் 10 படம், 150 பேர் கணக்கு.

இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று 200 பேர் உட்காரும் சமுதாயக்கூடம், மேடை உண்டு, ஜன்னல்கள் அதிகம். இன்னொன்று பள்ளி மைதானம். புரொஜெக்டர் பெட்டியில் 3,500 லூமென், 1080பி என்று போட்டிருக்கிறது, பல்பு உள்ள வகை. லேப்டாப் உண்டு. மைக்செட் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

திரை எத்தனை அடி வைக்கலாம்? படங்களை எந்த வடிவில் வாங்குவது? சென்சார் வேண்டுமா? யூடியூப் லிங்க் போதும் என்று சில இயக்குநர்களே சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வெளிச்சக்கணக்கு

முதலில் திரை. பெட்டியில் போட்ட லூமென், அதாவது வெளிச்ச அளவு, முழுதாக உங்களுக்குக் கிடைக்காது. அந்த எண் 'டைனமிக்' மோடில் அளந்தது. அந்த மோடில் முகமெல்லாம் பச்சையடிக்கும். நிறம் சரியாக வரும் 'சினிமா' மோடுக்கு மாற்றி, பல்பு கொஞ்சம் ஓடிய பழசு என்றும் வைத்துக்கொண்டால், பாதிதான் கைக்கு வரும். அதாவது 1,750 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தியேட்டர் திரையில் விழும் வெளிச்சத்துக்கு உள்ள அளவு 14 ஃபுட்-லேம்பர்ட். லூமெனைத் திரையின் சதுர அடியால் வகுத்தால் அது வந்துவிடும். 12 அடி அகலத் திரை என்றால் உயரம் 6.75 அடி, 81 சதுர அடி, 1,750-ஐ வகுத்தால் 21 சொச்சம். 14 அடி என்றால் 110 சதுர அடி, 16 வரும். 16 அடி என்றால் 144 சதுர அடி, 12-க்கு இறங்கிவிடும். 20 அடி வைத்தால் 8 கூட வராது, இரவுக் காட்சி எதுவும் தெரியாது. ஆகவே முழு இருட்டு கிடைத்தால் 14 அடி. தெருவிளக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் என்றால் 12 அடியோடு நில்லுங்கள். பெரிய திரைக்கு ஆசைப்பட்டு மங்கலான படம் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தூரத்துக்குப் புரொஜெக்டரின் 'த்ரோ ரேஷியோ' பாருங்கள், திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் என்பதுதான் அது. 1.5 என்று இருந்தால் 14 அடித் திரைக்கு 21 அடி தள்ளி வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவில்தான் வந்து விழும். அந்த இடத்தில் நாற்காலி போடாமல் மேசைக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிடுங்கள். 'கீஸ்டோன்' பொத்தானால் கோணலைச் சரிசெய்யாதீர்கள். அது படத்தை ஒரு பக்கமாகச் சுருக்குகிறது. எழுத்துகள் கலங்கும், வெளிச்சமும் குறையும். புரொஜெக்டரைத் திரையின் நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, காலுக்கு அட்டை வைத்து நிமிர்த்துங்கள்.

---

சவுக்குக்கம்பு

மைதானம் என்றால் சில விஷயம். தை கடைசியில் நெல்லையில் சூரியன் மறைய ஏறக்குறைய 6.25 ஆகும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் வானத்தில் வெளிச்சம் நிற்கும். 7 மணிக்கு முன் முதல் படத்தைப் போட்டால் வெளிறித்தான் தெரியும்.

வெள்ளைத் துணியைச் சவுக்குக் கம்பில் கட்டினால் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி புடைக்கும். ஓரம் முழுக்க ஒரு அடிக்கு ஒரு வளையம் போட்டு, சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டி அதால் கட்டுங்கள். ரப்பர் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும், துணி கிழியாது. கயிறு மட்டும் கட்டினால் வளையம் பிய்ந்து வந்துவிடும். துணிக்குப் பின்னால் இன்னொரு கறுப்புத் துணி கட்டாயம், இல்லாவிட்டால் பின்பக்கத்து வெளிச்சம் துணி வழியாக வந்து படத்தை வெளிற வைக்கும். செலவு மிச்சம் என்று ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டுகிறார்கள். அது பளபளப்பு. நடுவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் புரொஜெக்டர் பல்பு வட்டமாக அடிக்கும், ஓரத்தில் இருப்பவருக்குப் படம் மங்கும். மங்கல் பூச்சுள்ள ஃப்ளெக்ஸ் கிடைத்தால் பரவாயில்லை.

இன்னொன்று பனி. தை மாதம் 9 மணிக்கு மேல் லென்ஸ் மேல் ஈரம் படியும். புரொஜெக்டருக்கு மேல் சின்னப் பந்தல் போட்டுவிடுங்கள், ஆனால் விசிறி காற்று வெளியேறும் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

---

சட்டப்புத்தகம்

மைதானத்துக்கு ஒரு கடிவாளம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்துக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மூடிய அரங்குக்கு அந்த இரவுத்தடை கிடையாது. 7 மணிக்கு ஆரம்பித்து 10-க்குள் எல்லாவற்றையும் முடிப்பதற்கு உங்கள் நிகழ்ச்சி இறுக்கமாக இருக்க வேண்டும்.

சென்சார் விஷயம்: 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுக்காட்சிக்குச் சான்றிதழ் வேண்டும். நீளம் எவ்வளவு என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. டிக்கெட் போடவில்லை, இலவசம் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. யூடியூபில் ஏற்கெனவே இருக்கிறதே என்பதும் பதில் ஆகாது, இணையத்துக்கு வேறு விதிகள்.

வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவில் விலக்கு தரும் அதிகாரம் உள்ளது. திரைப்பட விழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். படங்களின் பட்டியல், கதைச்சுருக்கம், படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த குழுவின் விவரம் தர வேண்டும். வணிக நோக்கம் இருக்கக்கூடாது, பெயர் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் பார்ப்பதாக இருக்க வேண்டும். எனவே வாசலில் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் விடாமல் முன்பதிவுப் பட்டியலும் அடையாள அட்டையும் வையுங்கள். 150 பேருக்கு அது பெரிய வேலை இல்லை. இன்னொரு பாதை திரைப்படச் சங்கம். இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959-லிருந்து இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அதில் சேர்ந்த சங்கம் ஏதாவது இயங்கினால் அவர்களோடு சேர்ந்து, உறுப்பினர் காட்சியாக நடத்த முடியுமா என்று கேளுங்கள். எப்படிப் போனாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தேதி, நேரம், படப்பட்டியல் போட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

மைதானத்தில் நுழைவை யார் கட்டுப்படுத்துவது? அந்த ஒரு காரணத்துக்கே சமுதாயக்கூடம்தான் என் ஓட்டு.

---

எடிட்மேசை

படங்களை வாங்கும் விதத்தில்தான் பாதி நிகழ்ச்சி கெட்டுப்போகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

யூடியூப் வேண்டவே வேண்டாம். அங்கே ஏற்றியது மறுபடி சுருக்கப்பட்ட பிரதி. இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். 14 அடித் திரையில் அது அப்பட்டமாகத் தெரியும். நேரடியாக ஓட்டினால் விளம்பரம், நெட் தடங்கல், படம் முடிந்ததும் அடுத்த வீடியோ வரிசை. பதிவிறக்கி ஓட்டுவது அவர்கள் விதிகளுக்கும் முரண். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பியதும் அதே கதைதான், அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இயக்குநர்களிடம் இப்படிக் கேளுங்கள்: 1920×1080, எச்.264, எம்பி4, நொடிக்கு 20 மெகாபிட்டுக்குக் குறையாமல், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது படம் எடுத்தபோது என்னவோ அதுவே, மாற்ற வேண்டாம். சப்டைட்டில் தனிக் கோப்பாக ஒன்று, படத்தோடு பதித்தது ஒன்று. கோப்புப் பெயரில் இடைவெளி விடாமல் வரிசை எண், படப்பெயர், ஓடும் நேரம், ஃபிரேம் எண் நான்கும் ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் சில பிளேயரும் புரொஜெக்டரின் யூஎஸ்பியும் திறக்காது.

கோப்பு வந்ததும் 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 'வேரியபிள் ஃபிரேம் ரேட்' என்று காட்டினால் அது பெரும்பாலும் செல்போனில் எடுத்த படம். 10-ஆவது நிமிடத்தில் வாயசைவும் வசனமும் விலகிப்போக வாய்ப்பு அதிகம். 'ஹேண்ட்பிரேக்'கில் 'கான்ஸ்டன்ட்' என்று மாற்றி, பிறகு கடைசி நிமிடத்தின் வாயசைவைப் பாருங்கள். முதல் நிமிடம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

பென் டிரைவ் பழைய ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. நொடிக்கு 50 மெகாபிட்டில் எடுத்த படம் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் போனாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்து கொடுங்கள்.

தியேட்டர் கிடைத்தால் மட்டும் டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டர்களுக்கான கோப்பு வடிவம், யோசியுங்கள். 'டிசிபி-ஓ-மேட்டிக்' இலவசம், அதில் நீங்களே செய்யலாம். ஆனால் 25 ஃபிரேம் படத்தை 24-க்கு மாற்றினால் 10 நிமிடப் படம் 10 நிமிடம் 25 நொடியாக நீளும், குரலும் லேசாகத் தடிக்கும். கூடத்துக்கு அது தேவையே இல்லை.

---

தொடர்ஓட்டம்

எடிட்மேசை சொன்னதோடு ஒன்று: எல்லாப் படத்தையும் ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரே டைம்லைனில் போட்டு, நடுவில் 5 நொடி கறுப்பு விட்டு, ஒரே கோப்பாக ரெண்டர் செய்துவிடலாமே? டெஸ்க்டாப் திரையில் தெரியாது, மவுஸ் அம்பு நடுவில் வராது, யாரும் தப்பான கோப்பைத் திறக்க முடியாது.

---

எடிட்மேசை

அதில் இரண்டு சிக்கல் தோழர். ஒரு டைம்லைனுக்கு ஒரு ஃபிரேம் எண்தான். 25-இல் வைத்தால் 24-இல் எடுத்த படத்தில் நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் ஷாட்டில் நொடிக்கொரு முறை ஒரு சின்ன வெட்டு தெரியும். செல்போனில் 30-இல் எடுத்த படமோ நொடிக்கு 5 ஃபிரேம் இழக்கும். இரண்டாவது, அன்று மதியம் ஒரு இயக்குநர் திருத்திய பிரதியோடு வந்து நிற்பார். அப்போது 90 நிமிடத்தையும் மறுபடி ரெண்டர் போட வேண்டும்.

விஎல்சி பிளேயரில் பிளேலிஸ்ட் போடுங்கள். படத்துக்குப் படம் நடுவில் 5 நொடி கறுப்பு வீடியோ ஒன்று. அமைப்புகளில் 'தலைப்பைக் காட்டு' என்பதை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்தின் முதல் ஷாட்டிலும் கோப்புப் பெயர் கீழே வந்து நிற்கும். லேப்டாப்பில் நோட்டிஃபிகேஷன், ஸ்கிரீன் சேவர், ஸ்லீப், அப்டேட் எல்லாம் அணைத்து, வைஃபையைத் துண்டித்துவிடுங்கள். திரையை 'எக்ஸ்டெண்ட்' முறையில் வைத்து, டெஸ்க்டாப் வால்பேப்பரை முழுக்கறுப்பாக மாற்றிவிட்டால் நீங்கள் பயப்படும் எதுவும் திரையில் வராது.

---

தொடர்ஓட்டம்

கறுப்பு வால்பேப்பர் எனக்குத் தோன்றவில்லை. சரி, பிளேலிஸ்ட்டே. ஆனால் பேக்கப்புக்கு ஒரே கோப்பாக ஒன்று ரெண்டர் செய்து இன்னொரு லேப்டாப்பில் வைத்திருப்பது நல்லது. முதல் லேப்டாப் நின்றுவிட்டால் அந்த நேரத்தில் பிளேலிஸ்ட் அடுக்கிக்கொண்டிருக்க முடியாது.

---

எடிட்மேசை

பேக்கப்புக்கு என்றால் முழுச் சம்மதம்.

---

கறுப்புமட்டம்

யாரும் தொடாத ஒன்று. லேப்டாப்பும் புரொஜெக்டரும் கறுப்பு எது என்பதில் ஒத்துப்போக வேண்டும். எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்துக்கு இரண்டு அளவுகோல் இருக்கிறது: 0 முதல் 255 வரை முழு அளவு, 16 முதல் 235 வரை குறுக்கிய அளவு. லேப்டாப் முழு அளவில் அனுப்பி, புரொஜெக்டர் குறுக்கியது என்று எடுத்துக்கொண்டால் 16-க்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் அப்படியே அமுங்கிவிடும். இரவில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் மண் சுவரில் சாய்ந்து நிற்கிறார் என்று வையுங்கள். தலைமுடி, சட்டை, சுவரின் நிழல் மூன்றும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, முகம் மட்டும் மிதக்கும். தலைகீழாக நடந்தால் கறுப்பெல்லாம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு சரியில்லை என்று பேசுவார்கள். பாவம், ஒளிப்பதிவாளர் சரியாகத்தான் எடுத்திருப்பார்.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. கறுப்பிலிருந்து சாம்பல் வரை பட்டை பட்டையாக இருக்கும் சோதனைப் படம் ஒன்றை முழுத்திரையில் போடுங்கள். முழுக்கறுப்புக்கு அடுத்த ஒன்றிரண்டு பட்டை பிரிந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புரொஜெக்டர் மெனுவில் 'எச்டிஎம்ஐ ரேஞ்ச்' என்பதை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 'ஃபுல்', 'லிமிடெட்' இரண்டையும் மாற்றிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் இருக்கும். இதைச் செய்த பிறகுதான் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் தொட வேண்டும்.

---

ஒலித்தடம்

சமுதாயக்கூடம் முடிவாகிவிட்டது போலிருக்கிறது, அப்படியானால் ஒலிதான் உங்கள் பெரிய எதிரி. நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ஓசை அடங்க 2 நொடி எடுத்தால் வசனம் புரியாது. கல்யாண மேளத்துக்குக் கட்டிய கூடம், சுவரும் தரையும் டைல்ஸ், வேறு எப்படி இருக்கும். ஜமக்காளங்களைப் பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் தொங்கவிடுங்கள். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி கட்டினால் வெளிச்சம், எதிரொலி இரண்டுக்கும் ஆகும். ஆட்கள் நிறைந்தாலும் எதிரொலி குறையும். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

கூடத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டில், திரையின் இரு ஓரத்திலும் உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே. முகம் நடுக்கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும், சுவரைப் பார்க்கக் கூடாது. கூடம் நீளம் என்றால் சத்தத்தை ஏற்றாமல், பாதியில் இன்னும் இரண்டு சின்ன ஸ்பீக்கர் போட்டுக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள்.

மைக்செட்காரரிடம் முன்கூட்டியே மூன்று சொல்லிவிடுங்கள். ஒன்று, லேப்டாப் வரும் சேனலில் எக்கோ சுத்தமாகப் பூஜ்யம். மேடைப் பேச்சுக்குப் பழக்கமாக எக்கோ வைத்திருப்பார்கள், ஒரு நடிகர் கிசுகிசுத்தால் மலைக்கோயில் மண்டபத்தில் பேசினாற்போல் கேட்கும். இரண்டு, பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஏற்றக் கூடாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் மிக்ஸரில் இருந்தால் அழுத்திவிடலாம், 300 பக்கம் கொஞ்சம் குறைத்தால் வசனம் தெளியும். மூன்று, படம் ஓடும்போது மேடை மைக்கை மியூட்டில் போட வேண்டும்.

லேப்டாப்பின் இயர்போன் துளையிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒயர் இழுத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் அது எர்த் வளையம், இரண்டு கருவியின் எர்த்தும் ஒயர் வழியாகச் சேர்ந்து வரும் இரைச்சல். நடுவில் அந்த இரைச்சலைத் தடுக்கும் டிஐ பெட்டி ஒன்று போட்டு, அங்கிருந்து மைக்குக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் ஒயரில் மிக்ஸருக்குக் கொண்டுபோங்கள். 20 மீட்டர் போனாலும் சுத்தமாக இருக்கும். வாடகைக்கே கிடைக்கும். ப்ளூடூத் வேண்டாம். வாயசைவுக்கும் வசனத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் அளவு தாமதம் வரும்.

---

ஒலித்தடம்

விட்டுப்போனது, படத்துக்குப் படம் சத்தம். ஒருவர் யூடியூப் கணக்கில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தின் அளவு) வைத்து முடித்திருப்பார், இன்னொருவர் சினிமா மாதிரி மைனஸ் 27-இல் விட்டிருப்பார். அடுத்தடுத்து ஓடினால் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சத்தமாகக் காதில் விழும். மெல்லிய படத்தை ஏற்றிச் சரிசெய்யப் போனால் அதன் உச்சங்கள் வெடிக்கும். சத்தமான படங்களைக் கீழே இறக்கி எல்லாவற்றையும் மைனஸ் 27 பக்கம் கொண்டுவந்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் மொத்தமாக ஏற்றுங்கள். ரிசால்வின் ஃபேர்லைட் பக்கத்தில் மீட்டர் இருக்கிறது, இலவசப் பதிப்பிலேயே. வால்யூமை மட்டும் நகர்த்துங்கள், கம்ப்ரஸர் போட்டு அவர் செய்த மிக்ஸைக் கெடுக்காதீர்கள். இறக்கிய அளவை இயக்குநரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

---

நெல்லைத்திரை

சமுதாயக்கூடம் உறுதி. எல்லாருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். கரண்ட் போனால் என்ன செய்வது? சப்டைட்டில் எல்லாரும் கேட்கவில்லையே, தேவையா? படங்களைத் தேர்ந்தெடுப்பதா, வந்ததையெல்லாம் போடுவதா?

---

வெளிச்சக்கணக்கு

கரண்ட்: பல்பு புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் விசிறியும் நின்று சூடு உள்ளேயே தங்கும். பல்புக்குக் கேடு. கரண்ட் வந்த பிறகும் ஆறும்வரை பல்பு பற்றாது, சில நிமிடம் இருட்டில் உட்கார வேண்டும். புரொஜெக்டர் 300 முதல் 400 வாட் இழுக்கும். 1 கேவிஏ யூபிஎஸ் ஒன்றில் புரொஜெக்டரையும் லேப்டாப்பையும் மட்டும் போடுங்கள், ஜெனரேட்டர் கிளம்பும்வரை தாங்கும். ஸ்பீக்கரை அதில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் எல்லாம் ஒரே மின் ஃபேஸில் வரட்டும். ஃபேன் ரெகுலேட்டர், சீரியல் லைட் வேறு ஃபேஸில்.

---

வரிக்குவரி

சப்டைட்டில் பற்றி. ஒலி எதிரொலிக்கும் கூடத்தில், வட்டார வழக்கில் பேசும் படத்துக்கு, பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே அது உதவும். காது கேளாதவர்கள் வருவார்கள் என்றால் தமிழிலேயே சப்டைட்டில் போட்ட ஒரு படமாவது பட்டியலில் இருக்கட்டும்.

தமிழ் எஸ்ஆர்டி கோப்பை, அதாவது தனியாக வரும் சப்டைட்டில் கோப்பை, நம்பி விஎல்சியில் போடாதீர்கள். யூனிகோடில் இல்லாமல் பழைய பாமினி எழுத்தில் அடித்திருந்தால் திரையில் கன்னாபின்னா எழுத்து வரும். யூனிகோடாகவே இருந்தாலும் கணினியில் சரியான எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக நிற்கும், பழைய பதிப்பில் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரியும். பதித்த பிரதி வாங்கினால் தலைவலியே இல்லை. ஒரு வரிக்கு 35 எழுத்துக்குள், இரண்டு வரி.

சமதளக் கூடத்தில் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வரிசைக்குப் பிறகு சப்டைட்டில் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். மேடை இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம், மேடை விளிம்பிலேயே திரையைக் கட்டுங்கள். பின்னால் தள்ளாதீர்கள்.

---

தேர்வுக்குழு

வந்ததையெல்லாம் போட்டால் நான்கு மணி நேரம் ஓடும், கடைசிப் படத்தின் இயக்குநர் காலி நாற்காலிகளுக்குப் படம் காட்டுவார். தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. ஆஸ்கர் விதியில் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான், ஆனால் உங்கள் மாலைக்கு 15 நிமிட வரம்பு வையுங்கள். 9 படம், சராசரி 10 நிமிடம், மொத்தம் 90. இடைவெளி அறிமுகம் எல்லாம் சேர்த்து 20. நடுவில் டீக்கு 15. பேச்சுக்கு 30. 6.30-க்கு ஆரம்பித்தால் 9.05. அதற்கு மேல் கடைசி பஸ்காரர்கள் எழுந்துவிடுவார்கள்.

மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடட்டும், பிறகு கூடிப் பேசட்டும். தன் படமோ தன் வீட்டார் படமோ வந்தால் அவர் அந்தப் படத்துக்கு எழுந்துவிட வேண்டும். 'உள்ளூர்' என்பது இயக்குநர் பிறந்த ஊரா, படம் எடுத்த இடமா என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இதில்தான் மனஸ்தாபம் வரும். தேர்வாகாதவர்களுக்கு அறிவிப்புக்கு முன்பே தனியாகப் பதில் போட வேண்டும். போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

விண்ணப்பத்தில் ஒரு பக்க ஒப்புதல் வாங்குங்கள்: இந்தத் தேதி, இந்த இடம், ஒரு முறை மட்டும் காட்ட அனுமதி; இணையத்தில் ஏற்றமாட்டோம்; முடிந்ததும் பிரதியை அழித்துவிடுவோம். குழந்தைகள் நடித்திருந்தால் பெற்றோர் சம்மதம். பாட்டு யாருடையது என்று தனிக் கட்டம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் மெட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது, 'நன்றி' என்று பெயர் போட்டால் தீராது. பாட்டை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி தர முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

புதிதாக எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில விழாக்கள் முதல் காட்சி தங்களிடம்தான் என்று கேட்கும். 1990-இல் தொடங்கிய மும்பை சர்வதேச ஆவண குறும்பட விழா, 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவண குறும்பட விழா போன்ற இடங்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்தந்த ஆண்டு விதிமுறையைப் படித்துவிட்டு உங்களுக்குச் சரி சொல்லட்டும். உள்ளூரில் காட்டிய ஒரே காரணத்தால் ஒருவருடைய வாய்ப்பு போய்விடக் கூடாது.

---

தொடர்ஓட்டம்

ஒவ்வொரு படம் முடிந்ததும் இயக்குநரை மேடையேற்றிப் பேசவிடலாமா?

---

தேர்வுக்குழு

வேண்டாம். விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, கண் இருட்டுக்குப் பழகவே பழகாது. நான்கு ஐந்து படம் ஒரு தொகுதி, பிறகு அந்த இயக்குநர்கள் எல்லாரும் சேர்ந்து மேடையில் 15 நிமிடம். இரண்டு இருண்ட கதையை ஒட்டி வைக்காதீர்கள். மிக மெதுவான படத்தைத் தொகுதியின் கடைசியிலும், டீக்கு அப்புறம் முதல் படமாகவும் வைக்காதீர்கள்.

---

எடிட்மேசை

முந்தைய நாள் இரவு, அதே கூடம், அதே லேப்டாப், அதே ஒயர். எல்லாப் படத்தின் முதல் 30 நொடி, நடுவில் சத்தமான இடம், கடைசி 30 நொடி. 9 படத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இயக்குநர்களை அப்போதே வரச்சொல்லி ஆளுக்கு 5 நிமிடம் கொடுங்கள், திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும். சரி என்றதும் புரொஜெக்டர் மேசைக்காலைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், காலையில் கூட்டிப் பெருக்குபவர் நகர்த்தினாலும் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். ஃபோகஸை நடு எழுத்தில் மட்டும் பார்க்காமல் நான்கு மூலையிலும் பாருங்கள்.

---

நெல்லைத்திரை

டேப், கறுப்பு வால்பேப்பர், டிஐ பெட்டி எல்லாம் எழுதிக்கொண்டேன். கூட விளக்கை அணைக்க ஒரு ஆள் தனியாக வேண்டுமா, அல்லது புரொஜெக்டரில் இருப்பவரே பார்த்துக்கொள்ளலாமா? சுவிட்ச் போர்டு வாசல் பக்கம் இருக்கிறது.

---

வரிக்குவரி

தனி ஆள் வேண்டும். அவர் கையில் ஓடும் நேரப் பட்டியல் அச்சிட்ட தாள் ஒன்றும் சின்ன டார்ச்சும் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நேராக, பெயர்ப்பட்டியல் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, எந்த நொடியில் முடிகிறது என்று இரண்டையும் எழுதிவையுங்கள். பெயர் ஓட ஆரம்பித்ததும் படம் முடிந்துவிட்டது என்று யாராவது சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். உங்கள் காட்சியில் விளக்குப் பிடித்தவர், வீடு கொடுத்தவர், டீ வாங்கி வந்த பையன் வரைக்கும் அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடைசி எழுத்து மேலே போய், கறுப்பு வந்து, மூன்று எண்ணிவிட்டு விளக்கு.